இரண்டு ஆறு, ஒரு தீவு, நாலு கேபிள்: ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் ரூட்டிங் பாலிசி தேர்ந்தெடுப்பது எப்படி?

முக்கொம்புக்கு ஒரு தடவையாவது பைக்கில் போகாமல் திருச்சியில் நாலு வருஷம் இன்ஜினியரிங் முடித்த ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பார்க்கில் உட்கார்ந்து பொரிச்ச மீன் சாப்பிட்டுட்டு வந்திருப்போம். ஆனால் அங்கே நடப்பது சுத்தமான நெட்வொர்க்கிங். மேற்கிலிருந்து ஒரே ஆறாக வரும் காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கிழக்கே கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி கிட்ட வருகின்றன. ஒரு சோர்ஸ், ஒரு டெஸ்டினேஷன், நடுவில் இரண்டு பாதை. எதில் எவ்வளவு அனுப்புவது என்று ஒருவர் முடிவு செய்து ஷட்டரைத் தூக்குகிறார்.

இந்தக் கட்டுரை அந்த மாதிரி முடிவைப் பற்றியதுதான். ஆனால் தண்ணீரில் இல்லை, ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்கில். சுருக்கமாக சான். நம்ம கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பரில் ஓ.எஸ்.பி.எஃப். வரும், சான் வராது. கிளவுட் எலெக்டிவில் ரெண்டு மார்க் கேள்வியாக எட்டிப் பார்த்துட்டுப் போயிடும். ஆனால் பெரிய பேங்க், பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் டேட்டாபேஸ் உட்கார்ந்திருப்பது பல சமயம் இதன் மேல்தான். அங்கே ரூட்டிங் பாலிசி தப்பாக இருந்தால் எந்த எர்ரரும் வராது. கவுன்ட்டரில் இருப்பவர் "சர்வர் ஸ்லோ சார், கொஞ்சம் உட்காருங்க" என்பார். அவ்வளவுதான் வெளியே தெரியும். அதனால்தான் இதைத் தனியாக எழுதணும்னு தோணிச்சு.

முதலில் மூன்று வார்த்தை

உங்க லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி. நேராக மதர்போர்டில் சொருகியிருக்கு. டேட்டா சென்டரில் அப்படி இல்லை. சர்வர்கள் ஒரு பக்கம், டிஸ்க் நிறைந்த ஸ்டோரேஜ் அரே இன்னொரு பக்கம், நடுவில் ஃபைபர் சேனல் ஸ்விட்ச்சுகள். சர்வரில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அது சொந்த டிஸ்க் மாதிரியே தெரியும். ஸ்விட்ச்சுக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவே ஓடும் கேபிளுக்கு ஐ.எஸ்.எல். என்று பெயர், இன்டர் ஸ்விட்ச் லிங்க். நம்ம கதை முழுக்க இந்த ஐ.எஸ்.எல்.கள் மேல்தான்.

இரண்டாவது வார்த்தை பஃபர் கிரெடிட். சாதாரண ஈதர்நெட்டில் கூட்டம் அதிகமானால் ஸ்விட்ச் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும், டி.சி.பி. திரும்ப அனுப்பிக்கொள்ளும். ஃபைபர் சேனலில் அந்தப் பேச்சே இல்லை. எதிர்முனை "என்கிட்ட இடம் இருக்கு" என்று சொன்னால்தான் இங்கிருந்து ஒரு ஃப்ரேம் கிளம்பும். கையில் 8 கிரெடிட் இருந்தால் 8 ஃப்ரேம் அனுப்பலாம். ஒன்பதாவதை அனுப்ப, முதல் ஃப்ரேமுக்கான ஒப்புதல் திரும்பி வரணும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான், லைனில் எவ்வளவு வேகம் இருந்தாலும் சரி.

மூன்றாவது எக்ஸ்சேஞ்ச். சர்வர் "இந்த இடத்திலிருந்து 64 கே.பி. படித்துக் கொடு" என்று கேட்கிறது. ஒரு ஃப்ரேம் அதிகபட்சம் 2112 பைட் டேட்டா சுமக்கும். அப்படியானால் அந்த ஒரு பதிலுக்கே குறைந்தது 32 ஃப்ரேம். கேள்வி, 32 ஃப்ரேம் டேட்டா, "முடிஞ்சது" என்ற கடைசி ஸ்டேட்டஸ், இந்த மொத்த உரையாடலும் சேர்ந்தது ஒரு எக்ஸ்சேஞ்ச். ஒவ்வொன்றுக்கும் 16 பிட் நம்பர் ஒன்று உண்டு, எக்ஸ்சேஞ்ச் ஐ.டி. என்று. இந்த நம்பரை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

எந்த வழி குறைந்த செலவு?

ஸ்விட்ச்சுகள் வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்தும் புரோட்டோகால் எஃப்.எஸ்.பி.எஃப். ஓ.எஸ்.பி.எஃப்.பின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். லிங்க் ஸ்டேட், டைக்ஸ்ட்ரா, எல்லாம் அதே. ஒவ்வொரு லிங்குக்கும் ஒரு காஸ்ட், மொத்தக் காஸ்ட் குறைந்த வழி ஜெயிக்கும். இரண்டு வழிக்கு ஒரே காஸ்ட் என்றால் இரண்டும் பட்டியலில் இருக்கும்.

இங்கே முக்கொம்பின் பழைய கதை உதவும். கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையை விடத் தாழ்வு, சரிவும் அதிகம். தண்ணீரைக் கேட்டால் கொள்ளிடம்தான் காஸ்ட் குறைந்த வழி. அதனால் வருஷத்துக்கு வருஷம் கொள்ளிடம் அதிகமாக இழுத்துக்கொள்ள, தஞ்சாவூர் வயல்களுக்குப் போக வேண்டிய காவிரி மெலிந்துகொண்டே வந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டத் தொடங்கியது இதற்காகத்தான். நெட்வொர்க் பாஷையில் சொன்னால், கொள்ளிடம் லிங்கின் காஸ்ட்டை மேனுவலாக ஏற்றினார். அதன் பிறகு என்ன ஆச்சு தெரியுமா? காவிரிப் பக்கம் தேவைக்கு மேல் தண்ணீர் போய்ப் படுகையை அரிக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கமும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. ஒரு லிங்கின் காஸ்ட்டைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை பழக்கமானதுதான். இன்றைக்கும் அங்கே பாலிசி எளிமையானது. பாசனத்துக்குக் காவிரி, வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடம்.

எஃப்.எஸ்.பி.எஃப். காஸ்ட் பார்க்கும், லோடு பார்க்காது. ஒரு லிங்க் நிரம்பி வழிந்தாலும் அதன் காஸ்ட் மாறாது. இது முட்டாள்தனம் மாதிரித் தெரியும், ஆனால் காரணம் இருக்கு. லோடு பார்த்து வழியை மாற்றினால் எல்லோரும் காலி லிங்குக்கு ஓடுவார்கள், அது நிரம்பும், உடனே எல்லோரும் பழையதற்குத் திரும்ப ஓடுவார்கள். பழைய அர்பாநெட்டில் டிலே பார்த்து ரூட் போட்டபோது, லோடு ஏறியதும் இப்படித்தான் ஊசலாடியது. 1987-இல் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள்.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. ப்ரோகேட் ஸ்விட்ச்சுகளில் 2 கிகாபிட்டோ அதற்கு மேலோ எந்த வேகமாக இருந்தாலும் லிங்கின் டீஃபால்ட் காஸ்ட் 500தான். கேபிளின் நீளம் காஸ்ட்டில் வரவே வராது. பக்கத்து ரேக்குக்குப் போகும் 2 மீட்டர் கேபிளும், ஆற்றைத் தாண்டிப் போகும் 15 கிலோமீட்டர் கேபிளும் அதற்கு ஒன்றுதான். இது கீழே வினையாக வரும்.

மூன்று பாலிசி

சரி, ஒரே காஸ்ட்டில் இரண்டு வழி இருக்கு. வரும் ஒவ்வொரு ஃப்ரேமையும் எதில் விடுவது? இங்கேதான் பாலிசி. ப்ரோகேட்டில் ஏபிடிபாலிசி என்று ஒரு கமாண்ட், 1, 2, 3 என்று மூன்று தேர்வு.

1 என்றால் போர்ட் அடிப்படை. ஃப்ரேம் எந்தப் போர்ட் வழியாக உள்ளே வந்தது, எந்த ஸ்விட்ச்சுக்குப் போகணும், இவ்வளவுதான் பார்க்கும். ஒரு போர்ட்டில் சொருகிய சர்வருக்கு ஒரு வழி ஒதுக்கினால், அந்தப் பக்கம் அது பேசும் எல்லாமே அந்த வழிதான்.

2 என்றால் டிவைஸ் அடிப்படை. அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி இரண்டையும் சேர்த்து ஒரு ஹாஷ். ஒரே சர்வர் இரண்டு ஸ்டோரேஜ் போர்ட்டுடன் பேசினால் இரண்டு வழி கிடைக்க வாய்ப்பு உண்டு.

3 என்றால் எக்ஸ்சேஞ்ச் அடிப்படை. இரண்டு முகவரியோடு அந்த எக்ஸ்சேஞ்ச் ஐ.டி.யையும் சேர்த்து ஹாஷ். ஒரே சர்வர், ஒரே ஸ்டோரேஜ் போர்ட் என்றாலும், முதல் ரீட் ஒரு வழியிலும் அடுத்த ரீட் இன்னொரு வழியிலும் போகலாம். இதுதான் டீஃபால்ட். சிஸ்கோவின் எம்.டி.எஸ். ஸ்விட்ச்சிலும் டீஃபால்ட் இதே மூன்றும் சேர்ந்த ஹாஷ்தான். வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்ச் ஐ.டி.யை விட்டுவிட்டு முகவரிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எண் போட்டுப் பார்த்தால்தான் புரியும். இரண்டு ஐ.எஸ்.எல்., ஒவ்வொன்றும் 8 கிகாபிட், அதாவது ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 800 எம்.பி. ஒரு பேக்கப் சர்வர், அதற்கு 1200 எம்.பி. வேண்டும். இரண்டு சின்ன டேட்டாபேஸ் சர்வர், ஆளுக்கு 100. மொத்தம் 1400, இரண்டு லிங்கிலும் சேர்த்து இருப்பது 1600. தாராளமாகப் போதும் இல்லையா? போர்ட் பாலிசியில் போதாது. பேக்கப் சர்வர் முழுக்க லிங்க் ஒன்றில் மாட்டிக்கொள்ளும், 800-க்கு மேல் போகாது. ஒரு டேட்டாபேஸும் அதே லிங்கில் ஒதுக்கப்பட்டிருந்தால் அதன் கதி அதோகதி. இன்னொரு லிங்கில் 100 எம்.பி. மட்டும் ஓடும், காலி ரோடு. டிவைஸ் பாலிசியில், பேக்கப் சர்வர் இரண்டு ஸ்டோரேஜ் போர்ட்டுக்கு எழுதினால், ஹாஷும் ஒத்துழைத்தால், 600-600 ஆகப் பிரியும். ஒரே போர்ட்டுக்கு எழுதினால் பழைய கதைதான். எக்ஸ்சேஞ்ச் பாலிசியில் ஆயிரக்கணக்கான எக்ஸ்சேஞ்சுகள் இரண்டு பக்கமும் சிதறும். லிங்குக்கு 700 வீதம் கிட்டத்தட்ட சமம்.

அப்போ எல்லோரும் 3 போட்டுட்டுப் போகலாமே, எதற்கு மற்ற இரண்டு? ஏனென்றால் தண்ணிக்கும் ஃப்ரேமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்.

வரிசை

கல்லணைக்கு எந்தத் துளி முதலில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஃப்ரேமில் அப்படி இல்லை. இருபதாவது ஃப்ரேமுக்கு முன்னால் இருபத்தொன்றாவது வந்தால் வாங்குபவர் குழம்புவார். பல எச்.பி.ஏ. கார்டுகள் அந்த எக்ஸ்சேஞ்சையே தோல்வி என்று தள்ளிவிடும்.

எக்ஸ்சேஞ்ச் பாலிசியின் அழகு இங்கேதான். ஒரு எக்ஸ்சேஞ்சுக்குள் ஐ.டி. மாறாது, ஹாஷும் மாறாது, ஆகவே அதன் எல்லா ஃப்ரேமும் ஒரே வழி. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் கல்யாணத்துக்குப் போகும் குடும்பங்கள் மாதிரி. ஒரு குடும்பம் ஒரே வேன், வேன்கள் மட்டும் வேறு வேறு பாலம். குடும்பத்துக்குள் வரிசை கலையாது. எந்தக் குடும்பம் முதலில் மண்டபத்தில் இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே வரிசை மாறினால் டேட்டாபேஸ் கெட்டுப்போகாதா? நல்ல கேள்வி. பதில் டி.பி.எம்.எஸ். பேப்பரில் இருக்கு. ரைட் அஹெட் லாகிங் ஞாபகம் இருக்கா? லாக் ரெக்கார்டு டிஸ்கில் எழுதப்பட்டு "முடிஞ்சது" என்று வந்த பிறகுதான் டேட்டாபேஸ் அந்த கமிட்டை ஏற்கும். வரிசை முக்கியமான இடத்தில் அது நெட்வொர்க்கை நம்புவதே இல்லை, பதில் வரும்வரை அடுத்ததை அனுப்பாமல் தானே காத்திருக்கிறது. ஒரே நேரத்தில் பறக்கும் பத்து ரீட்கள் எந்த வரிசையில் வந்தாலும் கவலையில்லை. அதனால் சாதாரண டிஸ்க் டிராஃபிக்குக்கு 3 பாதுகாப்பானது.

விதிவிலக்கு மெயின்ஃப்ரேம். ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம்கள் ஃபைகான் என்ற புரோட்டோகாலில் பேசும். அங்கே பல காலமாக போர்ட் பாலிசி, பிறகு டிவைஸ் பாலிசி. 2015-இல் வந்த இஸட்13 மாடலிலிருந்துதான் எக்ஸ்சேஞ்ச் வாரியாக வழி மாற்றுவதை அது ஏற்றுக்கொண்டது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் யாராவது 1 அல்லது 2 போட்டு வைத்திருந்தால், "இவங்களுக்கு ஒண்ணும் தெரியலை" என்று 3-க்கு மாற்றும் முன் ஃபைகான் ஓடுதா என்று கேளுங்க.

நிலையாக ஓடும்போது வரிசை சரி. வழியே மாறும்போது? 2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூட ஆரம்பித்து 2023 மார்ச்சில் திறந்தார்கள். நடுவில் ஸ்ரீரங்கத்துக்கு வண்டியில் போனவர்கள் ஓயாமரி வழியாகச் சென்னை பைபாஸ் பாலத்தைச் சுற்றினோம். பாலம் திறந்த அந்த நிமிஷத்தை யோசிங்க. எட்டு மணிக்குக் கிளம்பிய நண்பன் இன்னும் பைபாஸில் இருக்கான். எட்டேகாலுக்குக் கிளம்பிய நீங்க நேர்ப் பாலத்தில் போய் அவனுக்கு முன்னாடி ராஜகோபுரத்தில் நிற்கிறீங்க. புது லிங்க் ஒன்று உயிர் பெறும்போது ஃப்ரேம்களுக்கும் இதேதான். பழைய வழியில் பாதி எக்ஸ்சேஞ்ச் பறந்துகொண்டிருக்கும்போது மீதிப் பாதி புது வழியில் முந்திவிடும்.

இதற்கு இன் ஆர்டர் டெலிவரி என்று ஒரு தேர்வு உண்டு. வழி மாறும்போது, பழைய வழியில் போனவை சேர்ந்து முடியும்வரை புதுசைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும். வரிசை காப்பாற்றப்படும், பதிலுக்கு ஒரு சின்ன இடைவெளி. ப்ரோகேட், சிஸ்கோ இரண்டிலும் இது டீஃபால்ட்டாக ஆஃப். என் கருத்து, டிஸ்க் மட்டும் இருக்கும் இடத்தில் அப்படியே விடலாம், ஃபைகான் இருந்தால் ஆன்.

ஃப்ரேம் தொலைந்தால் என்ன விலை என்பதையும் சொல்லிடறேன். டிஸ்க் டிராஃபிக்கில் பொதுவாக நெட்வொர்க் மட்டத்தில் திரும்ப அனுப்புவது கிடையாது. சர்வர்தான் டைம் அவுட் ஆகும்வரை பொறுத்திருந்து மொத்த கமாண்டையும் மறுபடி அனுப்பணும். லினக்ஸில் ஒரு டிஸ்க் கமாண்டுக்கு டீஃபால்ட் டைம் அவுட் 30 வினாடி. ஒரே ஒரு ஃப்ரேம் போனாலும் அந்தக் கமாண்டை நம்பியிருக்கும் டிரான்சாக்ஷன் அரை நிமிஷம் தொங்கலாம். வெளியே ஒரு ஆள் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கலாம்.

இரண்டு பாலத்துக் கணக்கு

இப்போது ஒரு கற்பனை அமைப்பு. ஜங்ஷன் பக்கம் ஒரு டேட்டா சென்டர், ஸ்ரீரங்கத்தில் அதன் நகல். ஒவ்வொரு எழுத்தும் இரண்டு பக்கமும் பதிந்த பிறகுதான் "முடிஞ்சது". நடுவில் இரண்டு 8 கிகாபிட் லிங்க். ஒன்று காவிரிப் பாலத்தை ஒட்டி, கேபிள் நீளம் 8 கிலோமீட்டர். இன்னொன்று பைபாஸ் பாலம் வழியாக, 15 கிலோமீட்டர். (நீளம் நானாக வைத்தது, மேப்பில் அளக்காதீங்க.) எஃப்.எஸ்.பி.எஃப்.புக்கு இரண்டும் 500. டீஃபால்ட் பாலிசி 3. எல்லாம் சரியாத்தானே இருக்கு?

கண்ணாடி இழையில் ஒளிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ வினாடி. 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 150 மைக்ரோ வினாடி. 8 கிகாபிட்டில் ஒரு முழு ஃப்ரேமை லைனில் ஏற்றச் சுமார் 2.5 மைக்ரோ வினாடிதான். அப்படியானால் முதல் ஃப்ரேமின் ஒப்புதல் திரும்பி வருவதற்குள் சுமார் 60 ஃப்ரேம் கிளம்பியிருக்கணும், அப்போதுதான் லைன் நிரம்பி ஓடும். கையில் 8 கிரெடிட்தான் இருந்தால்? 8 அனுப்பிவிட்டு மிச்ச நேரம் சும்மா நிற்கும். கணக்குப் போட்டால் வினாடிக்குச் சுமார் 110 எம்.பி. 800 போகக்கூடிய லைனில் 110! 8 கிலோமீட்டர் லிங்கிலும் இதே 8 கிரெடிட்டுக்கு 200 சொச்சம்தான் வரும், அதற்கு 32 வேண்டும். கிலோமீட்டரை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தேவையான கிரெடிட், முழு அளவு ஃப்ரேமுக்கு. சின்ன ஃப்ரேம்கள் அதிகம் என்றால் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இப்போது பாலிசி 3 என்ன செய்யும் என்று பாருங்க. சமமாகப் பிரிக்கும். பாதி எக்ஸ்சேஞ்ச் நல்ல வழியில், பாதி பட்டினி கிடக்கும் வழியில். அப்ளிகேஷனில் பார்த்தால் ஒரு குவெரி வேகம், அடுத்தது மெதுவு, எந்தக் காரணமும் இல்லாமல். லிங்க் யூட்டிலைசேஷன் கிராஃப் 14 சதவீதம் காட்டும், "நிறைய இடம் இருக்கே" என்பார்கள். இதைத்தான் நான் மேலே எர்ரர் வராது என்று சொன்னது.

கிரெடிட்டைச் சரியாக வைத்தாலும் தூரம் தூரம்தான். வழக்கமான ரைட் ஒன்றுக்கு இரண்டு ரவுண்டு டிரிப். "எழுதட்டுமா", "எழுது", டேட்டா, "முடிஞ்சது". பாலம் வழி 160 மைக்ரோ வினாடி, பைபாஸ் வழி 300. ஃப்ளாஷ் ஸ்டோரேஜே ஒரு ரைட்டைச் சில நூறு மைக்ரோ வினாடிக்குள் முடிக்கும் காலத்தில் 140 கூடுதல் என்பது சின்ன விஷயமில்லை. அதனால் நான் இந்த இடத்தில் இருந்தால் முக்கொம்பு பாலிசிதான் போடுவேன். பைபாஸ் லிங்கின் காஸ்ட்டை 1000 ஆக்கிடுவேன். சாதாரண நாளில் எல்லாம் பாலம் வழி, பாலம் போனால் மட்டும் பைபாஸ். ஆனால் பீக் லோடு 800-ஐத் தாண்டினால் இது வேலைக்காகாது, ஏனென்றால் நிஜக் கொள்ளிடம் மாதிரி மிஞ்சியது மட்டும் வழிந்து போக எஃப்.எஸ்.பி.எஃப்.பில் வசதி இல்லை. ஒன்று எல்லாம் இங்கே, இல்லையென்றால் எல்லாம் அங்கே. அப்போது இரண்டையும் 500 ஆகவே விட்டு, கிரெடிட்டை ஒழுங்காகக் கொடுத்து, தூர வித்தியாசத்தை ஏற்றுக்கொள்வதுதான் வழி.

பாதைகள் நிஜமாகவே தனித்தனியா என்பதையும் பார்க்கணும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் பக்கமிருந்த 45 ஷட்டரில் 9 அடித்துக்கொண்டு போனது. ஒரே வெள்ளம், இரண்டு இடம். இரண்டு லிங்க் என்று வரைபடத்தில் இரண்டு கோடு இருந்தாலும் இரண்டு கேபிளும் ஒரே பாலத்தின் அடியில் தொங்கினால் அது ஒரு லிங்க்தான். இதை எந்த ரூட்டிங் பாலிசியாலும் சரிசெய்ய முடியாது.

வைகுண்ட ஏகாதசி பிரச்சினை

இது பாடப்புத்தகத்தில் கிடைக்காது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வைகுண்ட ஏகாதசி அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் இறங்க இடமில்லை என்றால் 1-ஆம் நம்பர் பஸ் மட்டுமா நிற்கும்? அதன் பின்னால் நம்பர் ஒன் டோல்கேட் போகிற, கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாத லாரியும் பாலத்தில் நிற்கும்.

ஃபைபர் சேனலில் இதற்கு ஸ்லோ டிரெயின் என்று பெயர். ஒரு பழைய சர்வர், தான் கேட்ட டேட்டாவைத் தானே வேகமாக வாங்க முடியாமல் திணறுது. கிரெடிட் திருப்பித் தராது. அதற்கான ஃப்ரேம்கள் ஸ்விட்ச்சில் தேங்கும், ஸ்விட்ச் பஃபர் நிரம்பியதும் ஐ.எஸ்.எல். மேல் வரும் மற்றவர்களின் ஃப்ரேமும் நிற்கும். தூக்கிப் போடாத நெட்வொர்க் என்று பெருமையாகச் சொன்னோமே, அதன் விலை இது.

போர்ட் பாலிசியில் அந்தத் திணறும் சர்வருக்கு வரும் டிராஃபிக் ஒரே ஸ்டோரேஜ் போர்ட்டிலிருந்து என்றால் ஒரே ஐ.எஸ்.எல்.லில்தான் இருக்கும். அந்த ஒரு லிங்க் நாறும், மற்றது தப்பிக்கும். எக்ஸ்சேஞ்ச் பாலிசியிலோ அதன் எக்ஸ்சேஞ்சுகள் எல்லா ஐ.எஸ்.எல்.லிலும் சிதறி இருக்கும். பஸ் கூட்டத்தை இரண்டு பாலத்துக்கும் சமமாகப் பிரித்து இரண்டையும் அடைத்த மாதிரி. பகிர்வில் சிறந்த பாலிசியே நோயைப் பரப்புவதிலும் சிறந்தது. போன வருஷம் இன்டர்ன்ஷிப் செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ராத்திரி பேக்கப் ஆரம்பித்ததும் சம்பந்தமில்லாத சர்வர்கள் எல்லாம் மெதுவானதற்கு இப்படி ஒரே ஒரு பழைய 4 கிகாபிட் கார்டுதான் காரணம் என்று அங்கிருந்த சீனியர் அண்ணா காட்டினார். கிரெடிட் பூஜ்யமாக நின்ற நேரத்தைக் காட்டும் கவுன்ட்டர் ஒன்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் உண்டு. அது எல்லா ஐ.எஸ்.எல்.லிலும் ஒரே சமயத்தில் ஏறினால் பாலிசியைத் திட்டாமல் அந்த ஒரு சர்வரைத் தேடு என்பது அவர் சொன்னது.

இதற்காக 1-க்குத் திரும்பிப் போகணுமா என்றால், வேண்டாம். நோயாளியைப் பிடித்துத் தனிமைப்படுத்துவதுதான் முறை, ஸ்விட்ச்சிலேயே அதற்கு வசதிகள் இருக்கு.

சர்வரிலும் ஒரு பாலிசி

சுருக்கமாக இதையும் சொல்லணும். ஸ்விட்ச் தேர்வு செய்வதற்கு முன்னாலேயே சர்வர் ஒரு தேர்வு செய்துவிடுகிறது, எந்தக் கார்டு வழியாக, எந்த ஸ்டோரேஜ் போர்ட்டுக்கு என்று. லினக்ஸில் மல்டிபாத் அதைச் செய்யும். ரவுண்டு ராபின், கியூ லென்த், சர்வீஸ் டைம் என்று தேர்வுகள். வி.எம்.வேரின் ரவுண்டு ராபின் டீஃபால்ட்டாக 1000 ஐ.ஓ.வுக்கு ஒரு முறை பாதை மாற்றும். ரவுண்டு ராபின் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும், மற்ற இரண்டும் எந்தப் பாதையில் தேக்கம் என்று பார்த்து அனுப்பும். மேலே சொன்ன இரண்டு பாலம் மாதிரி சமமில்லாத பாதைகளுக்கு நான் சர்வீஸ் டைம்தான் வைப்பேன். லோடு பார்த்து மாற்றினால் ஊசலாடும் என்று சொன்னாயே என்று கேட்கலாம். அது எல்லா ஸ்விட்ச்சும் ஒரே வரைபடத்தைச் சேர்ந்து மாற்றும்போது. இங்கே ஒவ்வொரு சர்வரும் தன் கையில் இருக்கும் அடுத்த கமாண்டை மட்டும்தான் மாற்றுகிறது.

மாற்றும் நாள்

பாலிசி ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் தனி. சர்வர் பக்கத்து ஸ்விட்ச்சில் 3, ஸ்டோரேஜ் பக்கத்து ஸ்விட்ச்சில் 1 என்று இருந்தால் போகும்போது பரவிப் போகும், வரும்போது ஒரே லிங்கில் நெருக்கிக்கொண்டு வரும். ரீட் அதிகமுள்ள இடத்தில் கனமான டேட்டா வருவது ஸ்டோரேஜ் பக்கத்திலிருந்துதான், அதனால் அந்த ஸ்விட்ச்சின் பாலிசிதான் முதலில் பார்க்க வேண்டியது.

ப்ரோகேட்டில் இதை மாற்ற ஸ்விட்ச்சை டிஸேபிள் செய்தே ஆகணும். ஓடும்போது மாற்ற முடியாது. அதனால்தான் சான் எப்போதும் ஏ, பி என்று ஒட்டாத இரண்டு ஃபேப்ரிக்காகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டிலும் கால் இருக்கணும். முதலில் எல்லா சர்வரிலும் மல்டிபாத் பட்டியலை எடுத்து, பி பக்கம் உயிரோடு பாதை இருக்கா என்று ஒவ்வொன்றாகப் பாருங்க. ஒரு சர்வரில் இல்லையென்றாலும் அன்றைக்கு வேலை வேண்டாம். எல்லாம் இருந்தால் ஏ-யை நிறுத்தி, மாற்றி, ஏற்றி, பாதைகள் திரும்பி வந்ததை உறுதி செய்யுங்க. பி-யைத் தொடும் முன் ஏ-யில் ஒரு பேக்கப் ராத்திரி முழுசா ஓடட்டும்.